கொட்டில் சுவரில் ஒரு வள்ளத்துப் பாய்

1

போன கிழமை எங்கள் தபால் பெட்டிக்குள் ஒரு கடிதம் கிடந்தது. உறையில் ‘சந்தியோகு மெற்றில்டா’ என்று அச்சடித்திருந்தார்கள். அதைப் பார்த்தவுடனேயே எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கடிதத்தைத் திறக்க முதலே வந்துவிட்டது.

மெற்றில்டா என் மனைவி. கலியாணம் கட்டிப் பதினாறு வருஷம். பதினைந்து வயதில் டிலானி என்று ஒரு மகள் இருக்கிறாள். ஆனால் இத்தாலிக்காரனின் கடதாசிகளில் மெற்றில்டா இன்னும் தகப்பன் வீட்டுப் பிள்ளைதான். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயரை முன்னுக்கு வைப்போம், அவ்வளவுதான். அவள் கலியாணத்துக்கு முந்தின பாஸ்போட்டோடு இங்கே வந்திறங்கினாள். இங்கத்தைச் சட்டம் என்னவென்றால், பெண்பிள்ளை பிறந்த வீட்டுப் பெயரோடுதான் கடைசிவரை இருக்கவேண்டும். ஆகவே பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியில் சந்தியோகு. டொக்டரின் அட்டையில் சந்தியோகு. வீட்டுக் கரண்ட் பில்லிலும் சந்தியோகு.

அதோடு நின்றாலும் பரவாயில்லை. பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் என்னையும் “சிஞ்ஞோர் சந்தியோகு”, அதாவது திருவாளர் சந்தியோகு, என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாமனாரின் பெயரால் மருமகனைக் கூப்பிடுகிறார்கள் ஐயா! நான் விடுவதில்லை. இருந்த கதிரையை விட்டு எழும்பி, “நோ! செபமாலை!” என்பேன். செபமாலை என் அப்பா. மன்னார்ப் பக்கத்துத் தபால் கந்தோர் ஒன்றில் முப்பது வருஷம் கடிதங்களுக்கு முத்திரை குத்தினவர். கடலில் கால் நனைக்காத மனுஷன். ஆனால் ஒரு முத்திரை சரிந்து விழுந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவரின் பெயரை இவர்கள் ஒரு நாளாவது நேராகச் சொன்னதில்லை.

கடிதத்துக்குள் என்ன இருந்தது என்று பிறகு சொல்கிறேன். போன வருஷம், 2008இல், நடந்ததைச் சொல்லாவிட்டால் அங்கே ஊரில் இருக்கிற உங்களுக்கு அது விளங்காது. கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறின பிறகு எழுதினால் மனுஷன் தன்னை நல்லவனாக்கிப் போடுவான்.

2

நாங்கள் இருப்பது சிசிலித் தீவின் பலெர்மோவில், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் ஸ்டேசனுக்குப் பின்னால், நாலாம் மாடியில். நான் கிழமை நாட்களில் பிரான்காச்சோப் பக்கம் தொடர்மாடிகளின் படிகளைக் கழுவுகிறேன். மெற்றில்டா ஒரு சிஞ்ஞோராவின், ஒரு பணக்கார அம்மாவின், வீட்டில் வேலை. சிஞ்ஞோரா விதவை, எழுபது தாண்டினவ. கெட்டவ என்று சொன்னால் என் நாக்கு அழுகும். மெற்றில்டாவுக்குக் காய்ச்சல் வந்தால் தன் டொக்டரையே கூப்பிடுவா. ஆனால் சனிக்கிழமை வேலைக்கு நானும் அவவிடம் போய், என் பெயர் யேசுதாசன் என்று சொன்ன முதல் நாளே, “ஆண்டவரின் பெயரைச் சொல்லிக் குப்பையைக் கொட்டச் சொல்ல என்னால் முடியாது, அது பாவம்” என்றுவிட்டா. எனக்கு முன் அங்கே நின்றவன் ஒரு பிலிப்பைன்ஸ்காரன். அவனை ஃபிலிப்போ என்று கூப்பிட்டவ. அன்றிலிருந்து நானும் ஃபிலிப்போ. அவனுக்காவது அது சொந்தப் பெயர்தானோ, ஆருக்குத் தெரியும்.

சிஞ்ஞோராவுக்குப் பலெர்மோவிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் தள்ளி, ஒரு மலைக் கிராமத்தில் காணி இருக்கிறது. ஒலிவ் மரங்கள், ஒரு பழைய வீடு, பக்கத்தில் கல்லால் கட்டின பெரிய வைக்கோல் கொட்டில். சனிக்கிழமைகளில் நானும் மெற்றில்டாவும் போய்த் துப்புரவு செய்வோம். கொட்டிலுக்கு முன்னால் முந்தி ரயில் ஓடின பாதை போகிறது. தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு அதைச் சைக்கிள் ஓடுகிற பாதையாக்கி இருக்கிறார்கள்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கார்மெலா என்று ஒரு டீச்சர். தமையனைப் பார்க்க அமெரிக்கா போய்வந்தவ. அங்கே கமக்காரர் பழைய துணித் துண்டுகளைப் பொருத்திப் போர்வை தைப்பார்களாம். அந்தப் போர்வைக் கோலங்களைப் பெரிய சதுரப் பலகையில் வர்ணத்தால் கீறி, வைக்கோல் கொட்டிலின் வெளிச்சுவரில் அடித்துவிடுவார்களாம். சனம் ஒவ்வொரு கொட்டிலாகப் பார்த்துக்கொண்டு போகுமாம். டீச்சருக்கு அது பிடித்துப்போயிற்று. எங்கள் பாதையோரத்துக் கொட்டில்களிலும் பலகை அடிப்போம், மே மாதத்தில் ஒரு ஞாயிறு ஊர் முழுக்கச் சேர்ந்து சைக்கிள் ஓடிப் பார்க்கட்டும் என்று கொமூனேயை, அதாவது ஊர்ச் சபையை, சம்மதிக்கவைத்துவிட்டா. ஒவ்வொரு கொட்டிலிலும் ஒரு பிள்ளை முத்திரையோடு நிற்கும். எல்லா முத்திரையும் விழுந்த அட்டைக்கு ஒரு போத்தல் ஒலிவ் எண்ணெய். ஒரு நல்ல காரியம். அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு மறுகதை இல்லை.

3

சிஞ்ஞோராவும் பெயர் கொடுத்தா. பலகையை நான்தான் அரிந்தேன், ஆறரை அடிக்கு ஆறரை அடி. வெள்ளைப் பூச்சும் இரண்டு தரம் அடித்தேன். சிஞ்ஞோரா நீலப் பூவொன்று கீறத் தொடங்கினா. அது கறிக்கு வெட்டுகிற கோவா மாதிரி வந்தது. அவவின் வாயில் மெற்றில்டா மத்தீல்தே ஆகிவிடும். அரை மணித்தியாலத்தில், “மத்தீல்தே, நீ ஏதாவது செய்” என்று பிறஷை வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டா.

மெற்றில்டா பலகையைச் சுற்றி இரண்டு தரம் நடந்தாள். பிறகு என்னிடம் ஒரு நூல் கேட்டாள். நூலைக் கரியில் தோய்த்தாள். ஒரு நுனியை என் கையில் தந்து, மற்ற நுனியை இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கி அடித்தாள். கோடு விழுந்தது.

“என்னத்தைக் கீறப்போறாய்?” என்றேன்.

“அப்பான்ரை பாயை” என்றாள்.

எனக்குச் சந்தியோகு மாமாவின் பாய் தெரியும். அந்தக் கரையில் அது தெரியாதவர் இல்லை. வள்ளத்துப் பாயின் நடுவில் ஒரு முறை பெரிய கிழிசல் விழுந்தது. புதுத் துணிக்கு வழியில்லை. மாமி கோதம்ப மா வந்த சாக்கின் நீலக் கரைத் துணியை முக்கோணமாக வெட்டி நாலு பக்கமும் வைத்தா. நடுவுக்கு அந்தோனியார் கோயிலின் பழைய கொடித் துணியைச் சுவாமியாரிடம் கேட்டு வாங்கிச் சிவப்புச் சதுரமாகத் தைத்தா. கோயில் கொடி நடுவில் இருந்தால் காற்று ஒன்றும் செய்யாது என்பது மாமியின் கணக்கு. வள்ளங்கள் கரைக்கு வருகிற நேரம் பெண்சாதிகள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நிற்பார்கள். தூரத்தில் முதலில் தெரிவது அந்தச் சிவப்புத்தான். “சந்தியோகுவின்ரை பாய் வருகுது” என்று ஆராவது சொல்வார்கள். மெற்றில்டா அடுப்பை மூட்ட ஓடுவாள்.

சண்டையில் ஊரே கிளம்பினபோது வள்ளம் கரையில் நின்றது. பாயையும் அதிலேயே சுற்றிக் கட்டிவிட்டு வந்தார்கள், நாலு நாளில் திரும்பலாம் என்று. மாமா அகதி முகாமில் செத்தார். அவசரத்தில் புதைத்த இடம். குருசு ஒன்று நட்டார்களாம். கல்லில் பெயர் வெட்ட ஒருவரிடமும் உளி இல்லை. நாங்கள் அப்போது இங்கே.

மூன்று சனிக்கிழமை அவள் முழங்காலில் நின்று வர்ணம் பூசினாள். மாச்சாக்கின் நீலக் கோடுகளைக்கூட ஒன்றுவிடாமல் இழுத்தாள். ஒரு முக்கோணம் மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் சின்னன். நான் பிழை என்றேன். “அம்மாவுக்குத் துணி காணாமல் போச்சு” என்றாள்.

4

கார்மெலா டீச்சர் கொமூனேயின் படிவம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தா. எங்கள் வீட்டில் எந்தப் படிவமும் நான்தான் நிரப்புவேன். மெற்றில்டாவின் பெர்மெஸ்ஸோ அப்போது முடிந்துபோயிருந்தது. புதுப்பிக்கத் தபாலில் அனுப்பின ரசீது மட்டும்தான் ஒன்றரை வருஷமாகக் கையில். குவெஸ்தூரா வாசலில், அந்தப் பொலிஸ் கந்தோரில், போய்ப் போய்க் கேட்டு எங்கள் சப்பாத்து தேய்ந்ததுதான் மிச்சம். இந்த நேரத்தில் அவளின் பெயரை இன்னொரு அரசாங்கக் கடதாசியில் ஏன் வீணாக ஏற்றுவான் என்று நினைத்தேன். ‘செய்தவர்’ என்ற இடத்தில் ‘செபமாலை யேசுதாசன்’ என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். படத்தின் பெயர்: ‘பாய்’. செய்தவரின் பெயரைக் கொட்டில்களைக் காட்டுகிற வரைபடத்தில் அச்சடித்து, பலகையின் அடியிலும் எழுதுவோம் என்று டீச்சர் சொன்னா. நான் அந்தச் செய்தியைக் கோயிலுக்கு வருகிற எல்லாருக்கும் சொல்லிவிட்டேன்.

சைக்கிள் ஓடுகிற நாளுக்கு எங்கள் ஆட்கள் பதினாலு பேர் வந்தார்கள். இங்கேதான் ஒரு விசர் வேலை நடந்தது. ‘எல்லாரும் சேர்ந்து சைக்கிள் ஓடுவோம்’ என்று நோட்டீசில் இருந்தது. எங்கள் ஆட்களுக்குச் சேர்ந்து ஓடுவது என்றால் டபிள்ஸ்தானே? பதினாலு பேருக்கு ஆறு சைக்கிள். பழைய சாமான் சந்தையில் வாங்கி, பின்னுக்குக் கரியரை இரும்புக் கம்பியால் கட்டி, பஸ்ஸின் வயிற்றுக்குள் ஏற்றிக்கொண்டு வந்தோம். பெண்சாதிகள் பூசைக்குக் கட்டின சீலையோடு கரியரில். பிள்ளைகள் முன் பாரில். சோற்றுப் பார்சல்கள் ஹாண்டிலில்.

அங்கே போனால் இத்தாலிக்காரர் எல்லாரும் உடம்போடு ஒட்டின காற்சட்டை, தலையில் ஹெல்மெற். மஞ்சள் சட்டை போட்ட ஒரு பொடியன் ஓடிவந்து கையை நீட்டி மறித்தான்.

“ஒரு சைக்கிளுக்கு ஒரு ஆள்!”

“இது எங்கட மனுசி” என்று நான் விளங்கப்படுத்தினேன்.

“மனுசியாக இருந்தாலும் ஒரு ஆள்தான்!”

இவன் எனக்குச் சைக்கிள் படிப்பிக்கிறான். ஊரில் சண்டையால் பெற்றோல் இல்லாத காலத்தில் நாங்கள் சைக்கிளில் என்ன கொண்டுபோகவில்லை? நெல்லு மூட்டை, ஆட்டுக்குட்டி, காய்ச்சல்காரர், கதவு நிலை. பிள்ளைப்பெறப் போன மனுசியை ஏற்றிக்கொண்டு கிறவல் றோட்டில் ஒன்பது மைல் மிதித்தவர்கள் எங்களோடு வந்திருந்தார்கள். நாங்கள் வயிற்றுக்கும் உயிருக்கும் ஓடின சைக்கிளை இவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு ஓடுகிறார்கள். ஓடட்டும், ஆனால் எங்களுக்கு ஓடத் தெரியாது என்று ஏன் சொல்கிறான்? கடைசியில் ஆறு பேர் சைக்கிளில், எட்டுப் பேர் நடை. மெற்றில்டா பச்சைச் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எங்கள் மகள் டிலானி பள்ளிக்கூடச் சிநேகிதிகளோடு “அமுனீ, அமுனீ” என்று, போவம் போவம் என்று, பலெர்மோப் பாஷையில் கத்திக்கொண்டு எங்களைத் தெரியாதவள் மாதிரிக் கடந்து போனாள்.

கொட்டிலடிக்கு வந்தோம். ஒலிவ் மரங்களுக்கு மேலால் அந்தச் சிவப்பு முதலில் தெரிந்தது. நான் எல்லாரையும் முந்திக்கொண்டு போனேன். கிட்டப் போனால், பலகையின் அடியில் சிஞ்ஞோராவின் குடும்பப் பெயர். வரைபடத்தை விரித்தால் அங்கேயும் அதே பெயர். பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘எங்கள் பாட்டன்மாரின் சிசிலி வண்டிகளின் நிறங்களில் உருவான கோலம்.’

வண்டியாம்! அந்தோனியாரின் கொடி வண்டியாகிவிட்டது. மாமியின் மாச்சாக்கு இவர்களின் பாட்டனுடையதாகிவிட்டது. எங்கள் பக்கத்து இஸ்லாம் சனம் சொல்லும், ஊராற்றை கோழியை அறுத்து உம்மா பேரிலை கத்தம் ஓதினது என்று. கோழி ஆருடையதோ, செத்த தாய்க்கு ஓதின புண்ணியம் மட்டும் தனக்கு. நான் அதை அந்த இடத்திலேயே தமிழில் கத்திச் சொன்னேன். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். மெற்றில்டா சிரிக்கவில்லை. முத்திரை குத்துகிற பிள்ளைக்கு முன்னால் சின்ன முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

5

அடுத்த சனிக்கிழமையே சிஞ்ஞோராவிடம் கேட்டேன்.

“ஃபிலிப்போ, கொட்டில் ஆருடையது?” என்றா.

“உங்கட.”

“பலகை, வர்ணம்?”

“அதுவும் உங்கட.”

“பிறகென்ன? என் தோசையை மத்தீல்தே சுட்டால் அது மத்தீல்தேயின் வீட்டுத் தோசையா?” அவ சொன்னது தோசை இல்லை, கத்தரிக்காய்ப் பொரியல். உங்களுக்காகத் தோசையாக்கினேன். சொல்லிவிட்டு எனக்குக் கோப்பியும் ஊற்றித் தந்தா. அந்தக் கோப்பியைக் குடிக்கவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை.

கொமூனேக்குப் போனேன். யன்னலுக்குப் பின்னால் இருந்த மனுஷன் என் படிவத்தைத் தேடி எடுத்தான். என் கையெழுத்து அப்படியே இருந்தது. மேலே ஆரோ சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள்.

“நீங்கள் இந்த ஊரில் பதிந்தவர் இல்லை” என்றான். “பதியாதவரின் பெயரை ஏற்ற இடமில்லை. அதனால் சுவரின் சொந்தக்காரியை ஏற்றினோம்.”

“வர்ணத்துக்குமா பதிவு?”

“ஒரு மனு கொண்டுவாருங்கள். வரி முத்திரை ஒட்டி. பெர்மெஸ்ஸோவின் பிரதி. வதிவிடச் சான்றிதழ். சொந்தக்காரியின் சம்மதக் கடிதம். வியாழக்கிழமை மட்டும்தான்.”

வியாழக்கிழமை எனக்குப் படி கழுவுகிற நாள். ஆள் மாற்றிவிட்டுப் போனேன். பூட்டு. அந்த ஊர்ப் புனிதரின் திருநாளாம். அடுத்த வியாழன் போனேன். மனுஷன் லீவாம். அதற்கடுத்த வியாழன் இருந்தான். பிரதியில் ஒரு பக்கம் குறைகிறது என்றான். ஐயோ மாதாவே, பதினேழு வருஷமாக இந்த நாட்டில் என் உயிரின் பாதி, குறைந்த பக்கத்தைத் தேடுவதிலேயே போயிற்று! வீட்டில் மகள், “அப்பா, பாஸ்தா, போதும், விடுங்கோ, ஒருத்தரும் அதை வாசிக்கிறேல்லை” என்றாள். விடுவேனா? கோயிலில் சனம் என்னைச் சுற்றி நின்று கேட்கும். “விடாதையுங்கோ யேசுதாசண்ணை, இது எங்கட எல்லாற்றை மானப் பிரச்சினை” என்பார்கள். எனக்கும் மார்பு கொஞ்சம் விரிந்துதான் இருந்தது.

6

ஜூலையில் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து வந்து மனு எழுத இருந்தோம். நான் தமிழில் சொல்ல, டிலானி இத்தாலியனில் எழுதினாள். மூன்று பக்கம். மெற்றில்டா குசினியில் றால் உரித்துக்கொண்டிருந்தாள்.

“எழுது: இந்தப் பலகையை என் கைப்பட உருவாக்கிய கலைஞனாகிய நான்...”

டிலானி பேனையை வைத்தாள். “அப்பா, நீங்களா கீறினது?”

“எழுதடி.”

“இல்லை, நீங்களா? அம்மாவெல்லே மூண்டு கிழமை முழங்காலிலை நிண்டவ.”

“அம்மாவும் நானும் வேறையே? பலகை அரிஞ்சது ஆர்? வெள்ளை அடிச்சது ஆர்?”

குசினிக்குள் றால் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. மெற்றில்டா கையைத் துடைக்காமலே வந்து நின்றாள்.

“ஓம், அரிஞ்சியள். நூலின்ரை மற்ற நுனியையும் பிடிச்சியள்” என்றாள். “அதுக்கு உங்கட பேர். சரி. சிஞ்ஞோரா சுவர் தந்தவ. அதுக்கு அவவின்ரை பேர். அதுவும் சரிதானே? பிறகேன் ஊரெல்லாம் கத்துறியள்?”

“மெற்றில்டா, உன்ரை பெர்மெஸ்ஸோ இல்லாதபடியாலைதானே நான்...”

“என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களே? ‘மெற்றில்டா, உன்ரை பேரைப் போடட்டோ, பயமாக் கிடக்கு, என்ன செய்வம்’ எண்டு ஒரு சொல்லு? நான் பக்கத்திலைதானே நிண்டனான். வர்ணக் கையோடை நிண்டனான்.”

நான் மனுவின் முதல் பக்கத்தைத் தூக்கிக் காட்டினேன்.

“கோழிக் கதை சொன்னியளே, அண்டைக்கு அத்தனை சனத்துக்கு முன்னாலை” என்றாள். “கத்தம் ஓத நீங்களும்தானே வரிசையிலை நிக்கிறியள். என்ரை அப்பான்ரை பாய் அது. செபமாலை மாமா கடல்பக்கம் தலைவைச்சும் படுக்காத மனுசன். அந்தப் பாயிலை அவற்றை பேரை எழுதினால் அவரே வெக்கப்படுவார்.”

திரும்பிப் போய் மற்ற றாலை எடுத்தாள். டிலானி மூன்று பக்கத்தையும் அடுக்கி மேசையில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்தைக் கேளுங்கள்! மெற்றில்டாவில் கோபம், அவளுக்குப் பக்கம் நின்ற மகளில் கோபம். சேட்டை மாட்டிக்கொண்டு இறங்கி ஸ்டேசன் வரைக்கும் நடந்து, அங்கே எங்கள் ஆட்கள் கூடுகிற மர வாங்கில் போய் இருந்தேன். ஒருவர், “அண்ணை, மனு என்ன மாதிரி?” என்று கேட்டார். வழக்கம்போல இத்தாலிக்காரனைத் திட்டத் தொடங்கினேன். “கையெழுத்தை அழிச்சுப்போட்டாங்கள் ஐசே. வேலை செய்தவனை ஒரு சொல்லுக் கேக்காமல்...” என்று வந்து, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். நான் சிவப்புக் கோடு இழுக்கவில்லை. ஆனால் இழுக்கவே தேவையில்லாமல் செய்துவிட்டேன். அவளின் பெயர் அந்தக் கடதாசியில் ஏறவேயில்லை.

வீட்டுக்குப் போய் மனுவைக் கிழித்தேன். மெற்றில்டா சோறு போட்டாள். றால் குழம்பில் உறைப்பு அதிகம். நான் தட்டை வழித்துத் தின்றேன். மன்னிப்புக் கேட்டேனா என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் ஆம்பிளைகளைப் பற்றித் தெரிந்தவர் அதைக் கேட்கமாட்டார்கள். இரண்டு நாள் கழித்து, “நீ கேட்டது சரிதான்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். “சுவருக்கே சொல்லுறியள்?” என்றாள். திரும்பி அவளுக்கும் சொன்னேன்.

7

கார்த்திகையில் அவளின் பெர்மெஸ்ஸோ வந்தது. அடுத்த வியாழக்கிழமை நான் படி கழுவ, அவளும் டிலானியும் பஸ் ஏறிப் போனார்கள். படிவத்தை மெற்றில்டாதான் நிரப்பினாளாம். டிலானி எழுத்துக்கூட்டிக் கொடுத்தாளாம். எனக்குக் குறைந்த பக்கம் அவளுக்குக் குறையவில்லையா என்று கேட்டேன். “குறைஞ்சது” என்றாள் டிலானி. “கார்மெலா டீச்சர் அந்த மனுசனைக் கத்தின கத்தலிலை அவர் தானே பிரதி எடுத்தவர். பதிவுச் சட்டம் கேட்டவர். டீச்சர் சொன்னவ, ‘பலகை இஞ்சைதான் பதிஞ்சிருக்கு, நாலு ஆணி அடிச்சு’ எண்டு.” அவள் அதைச் சொல்லிச் சிரித்ததைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

சிஞ்ஞோராவின் சம்மதக் கடிதம்? அதை மெற்றில்டா எப்படி வாங்கினாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க வேலை செய்யாமல் குசினிக் கதிரையில் இருந்தாள் என்று மட்டும் மகளிடம் சொன்னாளாம். சிஞ்ஞோரா இப்போதும் என்னை ஃபிலிப்போ என்றுதான் கூப்பிடுகிறா. அந்தச் சண்டை இன்னும் பாக்கி.

போன கிழமைக் கடிதத்துக்குள் இந்த வருஷத்து வரைபடம் இருந்தது. சிசிலி வண்டி போய்விட்டது. ‘பாய்’ என்றிருந்தது. அதற்குக் கீழே, இவர்களின் கந்தோர் வழக்கப்படி முதற்பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி, ‘சந்தியோகு மெ.’ என்று. மெற்றில்டாவை ஓர் எழுத்தாக்கிவிட்டார்கள்! நான் கத்தத் தொடங்கினேன். “இவ்வளவு பாடுபட்டும் உன்ரை பேரைக் காணேல்லை! பதினாறு வருஷமா இவங்கள் உன்ரை தகப்பன்ரை பேரைத்தான்...”

“கத்தாதையுங்கோ” என்றாள். வரைபடத்தை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். “அது சரியாத்தான் கிடக்கு.”

நேற்று அந்த ஞாயிறு. இந்த முறை ஒரு ஆளுக்கு ஒரு சைக்கிள், ஹெல்மெற்றும் போட்டோம். மெற்றில்டா சீலைக்குப் பதிலாக மகளின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் போனாள். டிலானி சிநேகிதிகளை விட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்தில். கடைசி வளைவில் ஒலிவ் மரங்களுக்கு மேலால் அந்தச் சிவப்புத் தெரிந்தது. மெற்றில்டா பிறேக் பிடித்து, ஒரு காலை ஊன்றி, நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. டிலானிக்குக் கேட்டிருக்கவேண்டும். அவளும் கையை நெற்றியில் வைத்தாள்.

பலகையின் அடியில் அந்தப் பெயரைப் புதிதாக எழுதியிருந்தார்கள், கறுப்பில், ஒரு சாண் உயர எழுத்தில். ஒரு கல்லிலும் ஏறாத பெயர். நான் அதை வாசித்துக்கொண்டு நின்றபோது முத்திரையோடு இருந்த சின்னப் பெண்பிள்ளை என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீங்கள்தான் சிஞ்ஞோர் சந்தியோகுவா?” என்றாள்.

“இல்லை” என்றேன். “நான் அவருடைய மருமகன்.”

பிள்ளை தலையை ஆட்டிவிட்டு என் அட்டையில் முத்திரையைக் குத்தினாள். அது சரிந்து விழுந்தது. என் அப்பா குத்தியிருந்தால் நேராகக் குத்தியிருப்பார்.